பயந்த நாயும் வழியில் வந்து சேரும் யோசனைகளும்: புதிதாகத் தத்தெடுத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தெருவில் வளர்ந்த நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுத்து, சென்னை போன்ற ஊரின் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கொண்டுவருபவருக்கு இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வர மறுக்கும் நாயை வீட்டுக்கும் தெருவுக்கும் பழக்குவது முதல் வேலை. அந்த நாயோடு வாசலைத் தாண்டியதுமே லிஃப்டிலும் படிக்கட்டிலும் டீக்கடை ஓரத்திலும் நிற்பவர்கள் கேட்காமலே வழங்கும் பயிற்சி யோசனைகளைச் சமாளிப்பது இரண்டாவது வேலை. இவை இரண்டும் வெவ்வேறு என்று நினைப்பதால்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். யோசனை சொல்பவர் உங்களை நிறுத்திவைத்துப் பேசும் ஐந்து நிமிடமும், உங்கள் நாய் முன்பின் அறியாத ஒருவருக்கு மூன்றடி தூரத்தில் தப்பிக்க வழியின்றி நின்றுகொண்டிருக்கிறது. அவர் சொல்வது சரியா தவறா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த ஐந்து நிமிடத்தில் நாய் எதைக் கற்றுக்கொள்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்குள் முதல் சில வாரங்கள்

பயந்த நாயைப் பார்த்ததும் பெரும்பாலோர் சொல்வது, “பாவம், யாரோ நல்லா அடிச்சிருக்காங்க” என்பதுதான். அப்படி நடந்திருக்கலாம், ஆனால் பயத்துக்கு அடி வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துச் செய்த ஆய்வுகளிலிருந்து, பிறந்து ஏறத்தாழ 3ஆவது வாரத்திலிருந்து 12ஆவது வாரம் வரையிலான காலத்தில்தான் குட்டி இந்த உலகில் எவையெல்லாம் ஆபத்தில்லாதவை என்பதைப் பதித்துக்கொள்கிறது என்பது தெளிவாயிற்று. அந்த வாரங்களில் மனிதர்களோடு நெருங்கிப் பழகாத குட்டிக்கு, பின்னாளில் மிக்ஸி சத்தமும் ஹெல்மெட் அணிந்த ஆளும் மாடிப்படியும் புரியாத அச்சுறுத்தல்களாகவே தெரியும். தாயின் சுபாவமும் இதில் சேர்ந்துகொள்ளும். ஆகவே, “அன்பாக இருந்தால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும்” என்ற கணக்கை முதல் நாளே விட்டுவிடுவது நல்லது.

வீட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த மூலை ஒன்றைத் தேர்ந்து, ஒரு மேசையின் மீது பழைய போர்வையைத் தொங்கவிட்டு, அதனடியில் படுக்கையும் அருகில் தண்ணீரும் வையுங்கள். நாய் அங்கே இருக்கும்போது யாரும் கைநீட்டக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது, வெளியே இழுக்கவே கூடாது. அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு, நிற்காமல் நடந்துவிடுங்கள். உட்கார்ந்தால் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். முகத்துக்கு நேராகக் குனிவதும் கண்ணை உற்றுப் பார்ப்பதும் நாய்க்கு மிரட்டலாகவே தெரியும். அது தானாக வந்து உங்கள் முழங்காலை முகரும் நாளில் தலையைத் தடவும் ஆசையை அடக்கிக்கொண்டு, மார்புப் பக்கமாக இரண்டு நொடி வருடிக் கையை எடுத்துவிடுங்கள். மீண்டும் நெருங்கி வந்தால் தொடரலாம். விலகினால் விட்டுவிட வேண்டும்.

இந்த வாரங்களில் “நாயைப் பார்க்க வர்றோம்” என்று கிளம்பும் உறவினர்களைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். வெறிநாய்த் தடுப்பூசியையும் மாநகராட்சி உரிமத்தையும் தள்ளிப்போடக் கூடாது. முதல் மருத்துவப் பரிசோதனையிலேயே காது, பல், இடுப்பு ஆகியவற்றில் வலி உள்ளதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொட்டால் உறுமும் நாய்களில் சில வலியால் உறுமுகின்றன.

நாய் சொல்வதைப் படிப்பது

லிஃப்ட் கதவு திறக்கிறது. உள்ளே ஒருவர் நிற்கிறார். உங்கள் நாய் அசையவில்லை. “எவ்வளவு சமத்தா நிக்குது பாருங்க” என்கிறார் அவர். கீழே குனிந்து பார்த்தால் வேறொன்று தெரியும். நாக்கு ஒரு கணம் வெளியே வந்து மூக்கை நக்கிவிட்டு உள்ளே போகிறது. காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முகம் சுவரைப் பார்த்திருக்க, கண் மட்டும் அவர்மீது இருப்பதால் விழியின் வெள்ளை பிறைபோல் தெரிகிறது. உடலின் கனம் முழுவதும் பின்னங்கால்களில் இருக்கிறது. வால் வயிற்றோடு சேர்ந்திருக்கிறது. இது சமத்து இல்லை, உறைந்துபோன நிலை. இதற்கு அடுத்தபடி உறுமலாக இருக்கலாம், பல்லாகவும் இருக்கலாம்.

தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நிற்பது, நனையாதபோதே உடம்பை உதறுவது ஆகியவையும் பதற்றத்தின் அடையாளங்களே. நம் ஊர் வெயிலில் மூச்சிளைப்பைக் கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் இளைத்துக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடி ஒரு திசையை வெறித்தால், அங்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். வால் ஆடுவதை வைத்து மட்டும் நட்பு என்று முடிவு செய்யாதீர்கள். விறைப்பாக உயர்ந்து சின்னச் சின்னதாக ஆடும் வால் எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும்.

எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வீட்டில் ஆவலோடு தின்னும் கோழி ஈரலைத் தெருவில் முகர்ந்துகூடப் பார்க்க மறுத்தால், பயம் எதுவோ அது மிக அருகில் இருக்கிறது. அந்த இடத்தில் எந்தப் பயிற்சியும் ஏறாது. விலகிப் போவது மட்டுமே செய்யக்கூடியது.

உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் நாயிடம் உள்ள மிக நாகரிகமான எச்சரிக்கை. அதட்டி அதட்டி அதை நிறுத்திவிட்டால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் காணாமல் போகும். பிறகு “சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிட்டது” என்பார்கள்.

வெளியே கிளம்பும் முன்

பயந்த நாய் பின்னோக்கி இழுத்துக் கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடுவது மிகவும் சாதாரணமாக நடப்பது. அதனால் முதல் சில மாதங்களுக்கு மார்பைச் சுற்றிப் பூட்டும் ஹார்னெஸ் ஒன்றும் கழுத்துப் பட்டை ஒன்றும் அணிவித்து, இரண்டிலும் தனித்தனி லீஷ் (கையில் பிடிக்கும் வார்) மாட்டுவது பாதுகாப்பானது. ஹார்னெஸுக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவே இடம் இருக்கலாம். இரும்புச் சங்கிலி கனமும் ஓசையுமாக நாயை மேலும் மிரட்டும். சுருண்டு நீளும் வகை லீஷ் கையிலிருந்து நழுவினால், அதன் பிளாஸ்டிக் பிடி தரையில் தடதடவென்று நாயைத் துரத்திக்கொண்டே போகும். ஆறடித் துணி லீஷ் போதும். இவற்றையெல்லாம் வீட்டுக்குள் அணிவித்துத் தீனி கொடுத்துப் பழக்கிய பிறகுதான் வெளியே எடுத்துச் செல்ல வேண்டும்.

நேரம் பாதி வேலையைச் செய்துவிடும். விடியற்காலை 5 மணிக்கும் இரவு 10 மணிக்கு மேலும் தெரு அடங்கியிருக்கும், தார்ச்சாலையும் சுடாது, யோசனை சொல்பவர்களும் குறைவு. லிஃப்டைத் தவிர்த்துப் படிக்கட்டைப் பயன்படுத்துங்கள். தெரு நாய்கள் எந்த முனையிலிருந்து எந்த முனை வரை தம் இடமாகக் காக்கின்றன என்பதை முதலில் நீங்கள் தனியாக நடந்து பார்த்து, அதற்கேற்ப வழியை வகுத்துக்கொள்ளுங்கள். ஒரே சந்தில் பத்து நிமிடம் முகர்ந்துவிட்டுத் திரும்பினாலும் அது முழுமையான நடைதான். கிலோமீட்டர் கணக்கு உங்கள் உடற்பயிற்சிக்கு ஆகட்டும்.

“திரும்பலாம்” என்றோ வேறு எந்த ஒரு சொல்லையோ தேர்ந்து, அதைச் சொன்னதும் நீங்கள் அப்படியே திரும்பி நடக்க, நாயும் கூடவே வந்து தீனி பெறும்படி வீட்டுக் கூடத்தில் பலமுறை பழக்குங்கள். பயந்த நாயை வைத்திருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறில்லை என்பது என் கருத்து. உட்காரவும் கை கொடுக்கவும் நிதானமாகக் கற்றுக்கொடுக்கலாம்.

தூரத்தை வைத்துப் பயத்தைக் குறைப்பது

பயத்தைச் சிறிய அளவிலிருந்து படிப்படியாகப் பழக்கிக் குறைக்கும் முறையை மனிதர்களுக்காக வகுத்துத் தந்தவர் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப். 1958இல் அதை விரிவாக வெளியிட்டார். மணியோசைக்கும் உணவுக்கும் முடிச்சுப்போட்ட பாவ்லோவின் கண்டுபிடிப்போடு அதை இணைத்துத்தான் இன்று நாய்களுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

நடைமுறையில் இப்படி: உங்கள் நாய் அந்நிய ஆண்களைக் கண்டு மிரள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆளைப் பார்த்தும் தின்ன மறுக்காத தூரம் எது என்று கண்டுபிடியுங்கள். அது ஐம்பதடியாக இருந்தால் ஐம்பதடிதான் தொடக்கம். ஆள் கண்ணில் பட்ட பிறகு கோழித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள். ஆள் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. தீனியை முதலில் காட்டிவிட்டு ஆளை நெருங்கினால், சில நாட்களில் நாய் தீனியைக் கண்டே சந்தேகப்படத் தொடங்கிவிடும். ஆளைப் பார்த்ததும் “எங்கே என் கோழி?” என்பதுபோல் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் கட்டம் வரும். அது பலமுறை நிகழ்ந்த பின் இரண்டு மூன்றடி மட்டும் குறையுங்கள். ஒரு முறைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஒரே நாளில் காலையில் தெரு நாய் துரத்தியது, மதியம் பக்கத்து வீட்டில் துளைபோடும் இயந்திரம் ஓடியது, மாலையில் விருந்தினர் வந்தார்கள் என்றால், அன்று இரவு ஐம்பதடி போதாமல் நூறடி தேவைப்படும். பதற்றம் அடுக்கடுக்காகச் சேரும். அப்படிப்பட்ட நாளுக்கு அடுத்த நாள் பயிற்சியை நிறுத்தி வீட்டிலேயே மென்று கடிக்க ஏதேனும் கொடுத்து ஓய்வாக விடுவதும் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

கேட்காமல் வரும் யோசனைகளை எடைபோடுவது

தெருவில் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை சில வகைகளுக்குள் அடங்கிவிடும். அவற்றின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் குழம்பி நிற்க வேண்டியதில்லை.

“நீங்கதான் தலைவன்னு காட்டணும், மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடிங்க” என்பது மிகவும் பரவலானது. 1947இல் ருடால்ஃப் ஷென்கெல் என்பவர், ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைச் சுவிட்சர்லாந்தின் பாசெல் மிருகக்காட்சிசாலையில் அடைத்துவைத்திருந்த இடத்தில் பார்த்த சண்டைகளிலிருந்து கிளைத்த கருத்து இது. பிற்பாடு டேவிட் மெக் என்ற அமெரிக்க ஓநாய் ஆய்வாளர், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பார்த்து, கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று 1999இல் எழுதினார். தலைமைக்கான போராட்டம் என்ற சித்திரத்தைத் தாமும் முன்னர் பரப்பியவர் என்பதால், அதைத் திருத்த அவரே பெருமுயற்சி எடுத்தார். ஓநாய்க்கே பொருந்தாததை, மேசைக்கடியில் நடுங்கும் நாய்மீது ஏற்றுவதில் பொருளில்லை. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், வலியையோ அச்சத்தையோ பயன்படுத்தும் முறைகளைத் தவிர்த்து, வெகுமதி முறையில் மட்டுமே பயிற்சியளிக்கச் சொல்லியிருக்கிறது.

“கூட்டத்துக்கு நடுவுல கூட்டிட்டுப் போங்க, தானா பழகிடும்” என்பது அடுத்தது. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனெனில் சில வேளை பலித்ததுபோலவே தோன்றும். நாய் திமிறுவதை நிறுத்திவிடும், “பாத்தீங்களா?” என்பார். 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மேயர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் நாய்களுக்குத் தப்ப முடியாதபடி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பின்னர், ஒரு தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடலாம் என்ற இடத்தில் விட்டபோதும் அவற்றுள் பல அசையாமல் கிடந்தன. இன்று யாரும் செய்ய அனுமதிக்கப்படாத கொடுமையான சோதனை அது. ஆனால் முயன்று பயனில்லை என்று ஒடுங்கிப்போன உயிர், வெளியிலிருந்து பார்க்கையில் அமைதியாகவே தெரியும் என்பதை அது காட்டிவிட்டது. கடைத்தெரு நடுவே அசையாமல் நிற்கும் நாய் பழகிவிட்டதா ஒடுங்கிவிட்டதா என்பதற்கு, மேலே சொன்ன கோழித் துண்டே பதில் சொல்லும்.

“பயப்படும்போது கொஞ்சினா பயம் ஜாஸ்தியாகும்” என்பதை வீட்டிலுள்ளவர்களே சொல்வார்கள். பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் கிடைக்கிறதே என்று யாரும் கூடுதலாகப் பயப்படுவதில்லை. இடி இடிக்கும்போது நாய் உங்கள் மடியை நாடி வந்தால் தாராளமாக இடம் கொடுங்கள்.

“எனக்கு நாய்னா ரொம்பப் பழக்கம், ஒண்ணும் செய்யாது, விடுங்க” என்று கையை நீட்டுபவர் யோசனைக்காரர்களில் தனி ரகம். அவரிடம் பிஸ்கட்டைக் கொடுத்து ஊட்டச் சொல்வது இன்னும் மோசம். பசிக்காகப் பயத்தை மீறி நெருங்கும் நாய், பிஸ்கட் தீர்ந்ததும் நிமிர்ந்து பார்த்து அந்நியரின் கைக்கு அரையடியில் தான் நிற்பதை உணரும். கடி விழுவது அப்போதுதான். யாராவது தீனி கொடுத்தே தீர வேண்டுமென்றால், நாய்க்குப் பின்புறமாக விழும்படி எறியச் சொல்லுங்கள். தின்பதற்காக நாய் அவரைவிட்டு விலகிப் போகும், விருப்பமிருந்தால் மட்டும் திரும்பி வரும்.

எல்லா யோசனையையும் தள்ளிவிடவும் கூடாது. “ஹார்னெஸ் லூசா இருக்கு தம்பி, உருவிக்கப் போகுது” என்று காவலாளி சொன்னால் அங்கேயே குனிந்து சரிபாருங்கள். பல ஆண்டுகளாகத் தெரு நாய்களுக்குச் சோறு வைப்பவர்களுக்கு, எந்த நாய் எந்தச் சந்தில் எப்போது வரும் என்பது அத்துப்படி. வந்த யோசனையைச் செய்து பார்த்தால் நாய்க்கு விலகிப்போகும் வழி கூடுமா குறையுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். குறையும் என்றால் யார் சொன்னாலும் வேண்டாம்.

வழியில் நிற்பவரிடம் என்ன சொல்வது

முதலில் நகருங்கள், பிறகு பேசுங்கள். புதியவர்கள் மரியாதை கருதி நின்று பதில் சொல்கிறார்கள். அதற்குள் நாய் உறைந்துவிடுகிறது. எதிரே ஒருவர் நெருங்கினால், உங்கள் உடம்பு நாய்க்கும் அவருக்கும் நடுவே வரும்படி மாறிக்கொண்டு, கையை லேசாக உயர்த்தி, நடந்தபடியே சொல்லிவிடலாம்: “சார், இதுக்குப் பயம் ஜாஸ்தி. கிட்ட வராதீங்க, ப்ளீஸ்.” பெரியவர்களிடம், “டாக்டர் யாரையும் தொட விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு மாமா” என்பது எந்த விளக்கத்தையும்விட நன்றாக வேலை செய்யும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் கேட்டால் அவரே அதைத்தான் சொல்வார். குழந்தைகளிடம், “தம்பி, இவன் புதுசு, பயப்படுறான், அங்கேர்ந்தே டாட்டா காட்டு” என்றால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். சொல்லப்போனால், பெரியவர்களைவிடக் குழந்தைகள் இந்த விஷயத்தில் தேவலை.

மேல்நாடுகளில் லீஷில் மஞ்சள் நாடா கட்டினால் “நெருங்காதீர்கள்” என்று பொருள். நம் தெருவில் அது அழகாக இருக்கிறது என்று பார்க்க வருவார்கள். வாய்ச்சொல்லையே நம்புங்கள்.

விடாப்பிடியாக வாதம் செய்பவரிடம் நாயை வைத்துக்கொண்டு ஓநாய் ஆய்வுகளையெல்லாம் விளக்க வேண்டாம். “அப்புறம் பேசலாங்க” என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் அன்று மாலையே நாய் இல்லாமல் போய்ப் பேசுங்கள். யாராவது லீஷைப் பிடுங்கவோ நாயை அடிக்கவோ கையை ஓங்கினால் மட்டும் மென்மை தேவையில்லை; “கையை எடுங்க” என்று உரத்த குரலில் சொல்லலாம்.

நாய்க்குப் பயப்படும் மனிதர்களை யோசனைக்காரர்களோடு சேர்த்துவிடாதீர்கள். லிஃப்டில் நாயோடு ஏற அஞ்சுபவருக்கு வழிவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருப்பது உங்கள் கடமை. உங்கள் நாய்க்கும் அதுதான் நல்லது. குடியிருப்புச் சங்கம் நாய் வளர்க்கவே கூடாது என்றால், விலங்கு நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் அப்படித் தடைவிதிக்கச் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று கூறுவதை எழுத்தில் காட்டலாம். அந்த உரிமையைக் கோருபவர், கழிவை அள்ளுவதிலும் லீஷ் இல்லாமல் விடாதிருப்பதிலும் குறைசொல்ல இடம் வைக்கக் கூடாது.

மருத்துவர், மருந்து, தீபாவளி

பல வாரங்களாகியும் நாய் உண்பதும் உறங்குவதும் சரியில்லை, வெளியே சென்று சிறுநீர் கழிக்கவே அஞ்சுகிறது, வீட்டாரையே கடிக்க வருகிறது என்றால், பயிற்சியால் மட்டும் தீராது. பயத்தைத் தணிக்கும் மருந்துகள் உள்ளன. அவற்றைக் கால்நடை மருத்துவர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உங்கள் பகுதி மருத்துவரும் இதற்கு உதவக்கூடியவர்கள். தெரிந்தவர் சொன்ன தூக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அசெப்ரோமசின் போன்ற மருந்தைத் தனியாகக் கொடுத்தால் உடம்பு தளரும், பயம் தளராது. ஓட முடியாத நிலையில் நாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடக்கும்.

தமிழ்நாட்டில் தீபாவளிப் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும்தான் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றாலும், ஒரு வாரம் முன்பிருந்தே வெடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மருத்துவரை இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே பாருங்கள். தீபாவளியன்று பகலில் சத்தம் அடங்கிய நேரத்தில் நடையை முடித்து, சன்னல்களை மூடி, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிட்டு, வாசல் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ளுங்கள். பலகாரத் தட்டோடு வருபவருக்குக் கதவைத் திறக்கும் அந்த ஒரு கணத்தில்தான் நாய்கள் தொலைகின்றன.

எவ்வளவு கவனமாக இருந்தும் யாரையாவது கடித்துவிட்டால், காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் செய்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டு நாய்தானே என்று யாரும் ஊசியைத் தவிர்க்க விடாதீர்கள்.

யோசனைக்காரருக்கு ஒரு வேலை

குடியிருப்பில் தினமும் எதிர்ப்பட்டு, தினமும் யோசனை சொல்லும் ஒருவர் நிச்சயம் இருப்பார். நாய்மீது உண்மையான அக்கறை இல்லாமல் யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்பதால், அவரைத் தவிர்ப்பதைவிடப் பயன்படுத்திக்கொள்வது மேல். உங்களுக்குப் பயிற்சிக்கு ஓர் ஆள் தேவை. சொன்னபடி நிற்கும் ஆள் காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்க மாட்டார். “அண்ணா, ஒரு உதவி. நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கார் நிறுத்துற இடத்துல அந்தத் தூண்கிட்டேர்ந்து கேட் வரைக்கும் மெதுவா நடந்து போங்க. எங்களைப் பாக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, நிக்கக் கூடாது” என்று கேளுங்கள். முதல் வாரம் முழுவதும் அதே தூண், அதே தூரம். அவர் பேசாமல் நடக்க நடக்க, நீங்கள் கோழித் துண்டுகளைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். நாய் உடல் தளர்ந்து அவரைப் பார்க்கத் தொடங்கியதும், அடுத்த தூணுக்கு அவரை மாற்றலாம். அவர் நடந்தபடியே நாயின் பக்கமாக ஒரு துண்டை எறிந்துவிட்டுப் போவது அதற்கடுத்த கட்டம்.